கிரகணம் விடும் நேரம்

எங்கள் மாநில மின்சுமைக் கட்டுப்பாட்டு மையத்தில் அன்று பதினோரு பேர் இருந்தோம். அத்தனை பேரும் பொறியியல் படித்தவர்கள், அதில் நாலு பேர் தங்கப் பதக்கம் வாங்கியவர்கள். தை மாதம் வரப்போகும் சூரிய கிரகணத்தை மாநிலத்தின் கிரிட் எப்படித் தாங்கும் என்று இரண்டு மாதமாகக் கணக்குப் போட்டு, அன்று காலைதான் முடித்திருந்தோம். சுவர் முழுக்க இருந்த திரையில் எங்கள் கணினியின் கணிப்பான் இரண்டு கோடுகளை வரைந்து வைத்திருந்தது. ஒன்று வெயில். மதியம் ஒன்று நாற்பத்தெட்டுக்குச் சரியத் தொடங்கி, மூன்றேகாலுக்கு அடிமட்டத்துக்குப் போய், நாலு முப்பத்திரண்டுக்குக் கிரகணம் விடும்போது மாலை வெயில் தரக்கூடிய அளவுக்குத் திரும்பியது. இன்னொன்று மக்கள் எடுக்கும் மின்சாரம். அது எல்லாச் செவ்வாய்க்கிழமையும் போல ஆடாமல் அசையாமல் ஓடியது.

அந்த இரண்டாவது கோடு அன்று அப்படி ஓடாது என்று எனக்குப் பட்டது. தலைமைப் பொறியாளர் சுதர்சனம் எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டு வந்தார். என் முறை வந்தபோது கையைக் கொடுக்காமல் ஒரு கேள்வி கேட்டேன்.

"சார், அன்னிக்கு நாலு முப்பத்திரண்டுக்கு உங்க வீட்ல என்ன நடக்கும்?"

"எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்லம்மா."

"நம்பிக்கையக் கேக்கல சார். என்ன நடக்கும்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீட்டில் தலைக்குக் குளிக்கச் சொல்வார்கள் என்றார். குளிக்காமல் அடுப்படிக்குள் விட மாட்டார்கள். காலையில் ஆக்கியதில் மிச்சம் இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாக உலை வைப்பார்கள். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டுத் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டேன். பதினோரு பேரில் ஒருவருக்கும் கிரகணத்தில் நம்பிக்கை இல்லை. பதினோரு பேர் வீட்டிலும் நாலு முப்பத்திரண்டுக்கு மோட்டார் ஓடப்போகிறது, ஹீட்டர் ஓடப்போகிறது, அடுப்பு எரியப்போகிறது. தங்கப் பதக்கம் வாங்கிய ஒருவர், அது என் மாமியாருக்காக என்றார். எல்லா வீட்டிலும் இப்படி யாராவது ஒருவர் இருக்கிறார்கள், நம்பாதவர்கள் அவர்களுக்காகக் குளித்துவிடுகிறார்கள்.

கணிப்பானைக் குறை சொல்லிப் பயனில்லை. அது பதினைந்து வருடத்து வீட்டு மீட்டர்களைப் படித்து வளர்ந்தது. தீபாவளி விடியலின் எண்ணெய்க் குளியல் அதற்குத் தெரியும். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் ஓடும்போது யாரும் எழுந்துபோய் மோட்டார் போட மாட்டார்கள் என்பதும் தெரியும். அந்தப் பதினைந்து வருடத்தில் நம் ஊரில் பட்டப்பகலில் நன்றாகத் தெரிகிற கிரகணம் ஒன்றுகூட வரவில்லை, அதனால் இது மட்டும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். வீட்டில் நடப்பதை ஒரு தகவல் என்றே எண்ணாமல் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தோம்.

முன்பெல்லாம் இது ஒரு பிரச்சினையே இல்லை. அடுப்பு கேஸில் எரிந்தது, கிரிட்டை நிலக்கரி தாங்கியது. இப்போது சிலிண்டரை எந்த வீட்டிலும் பார்க்க முடியாது, சமையல் முழுக்கக் கரண்ட் அடுப்பில். நாட்டின் மின்சாரத்தில் பத்துக்கு ஒன்பது பங்கு வெயிலும் காற்றும் தருகின்றன. தை மாதத்தில் காற்று படுத்துவிடும். கிரகணத்தின் மூன்று மணி நேரத்தைப் பேட்டரிகள் ஓட்டித் தந்துவிடும், ஆனால் கிரகணம் விடுகிறபோது அவை காலியாகியிருக்கும். அதற்குப் பிறகு மலை அணைகளும் வட மாநிலங்களிலிருந்து வருகிற மின்சாரமும்தான் கைகொடுக்க வேண்டும். அவை தாராளமாகத் தரும், ஆனால் நிதானமாகத்தான் ஏறும். நிமிடத்துக்கு இருநூறு மெகாவாட். ஒன்றேமுக்கால் கோடி வீடுகள் குளியலுக்கும் அடுப்புக்குமாக மூன்றே நிமிடத்தில் கேட்கப்போவது ஆறாயிரம்.

கிரிட் விழுந்தால் என்ன, அரை மணியில் எழுப்பிவிடலாமே என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படி நினைக்க வழியில்லை. நான் பிறந்தது வடசென்னையின் விளிம்பில், கருங்கழி அனல் நிலையத்தின் மதிலை ஒட்டிய மூன்றாவது தெருவில். அங்கே காயப்போட்ட துணியைச் சாம்பலோடுதான் எடுப்போம். அப்பா ஐம்பத்து மூன்று வயதில் மூச்சுக்குத் தவித்துச் செத்தார். அதே தெருவில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சி தேவிகாவின் மகள் மூன்று வயது வரை மாதம் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் முகமூடியோடு கிடந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த நிலையத்தை நிறுத்தினார்கள். நாட்டில் மிச்சமிருந்த கடைசி இரண்டு கொதிகலன்கள் அவை. நிறுத்தும் பொத்தானை அழுத்த, அந்தத் தெருவில் பிறந்த மின் பொறியாளர் என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். அந்தப் படம் வடசென்னையில் பாதி டீக்கடையில் தொங்கியது. தங்கச்சி மகள் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை.

நிறுத்தினார்களே தவிர இடிக்கவில்லை. கிரகண நாளில் வீடுகளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் மின்சாரம் போனால், வெயிலை மட்டும் நம்ப முடியாது என்று பொருள், கருங்கழி மறுபடி எரியும் என்று அரசாங்கத்தின் மேலிடக் குழு எழுத்திலேயே உத்தரவு போட்டிருந்தது. நிலக்கரி வந்து குவிந்தாகிவிட்டது. எங்கள் தெருவில் நின்று பார்த்தாலே அந்தக் குவியல் தெரிந்தது. தேவிகாவுக்கு அப்போது ஏழு மாதம். அந்தப் பிள்ளை முதல் மூச்சு விடுகிறபோது மதிலுக்கு அந்தப் பக்கம் புகை இருக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்தி வைத்து வரிசையாகத் திரும்பக் கொடுப்பதுதான் சுலபம். அதையே நாங்கள் செய்தால் அதுவும் மின்வெட்டு, உத்தரவுப்படி கருங்கழி எரியும். மீட்டர் வழியாக ஹீட்டரையும் அடுப்பையும் தாமதப்படுத்தலாம். ஆனால் கேஸ் சிலிண்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டபோதே, உங்கள் அடுப்பில் நாங்கள் கைவைக்க மாட்டோம் என்று அரசாங்கம் வீட்டுக்கு வீடு எழுதிக் கொடுத்திருந்தது. மின்சாரம் பற்றாது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவிக்கலாம் என்றார் ஒருவர். போன சித்திரையில் அதைச் செய்து பார்த்திருந்தோம். ஆறிலிருந்து ஏழு வரை சிக்கனம் என்று சொன்னதும், ஐந்து ஐம்பதுக்கே ஊர் மொத்தமும் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டது. பற்றாக்குறை என்ற வார்த்தை நம் மக்கள் காதில் விழுந்தால் கை தானாகக் குடத்தைத் தேடும்.

"அவங்களா பிரிஞ்சு வரணும் சார். நாலு முப்பத்திரண்டுங்கிறது ஒரே நேரமா இருக்கக் கூடாது" என்றேன்.

சுதர்சனம் சிரித்தார். கிரகணத்தை நகர்த்தப் போகிறாயா என்று கேட்டார். நான் மறுநாள் கும்பகோணத்துக்கு ரயில் ஏறினேன்.

அங்கே கனகசபை என்று ஒருவர் இருந்தார். கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர், இருபது வருடமாகப் பஞ்சாங்கம் கணிக்கிறார். மாநிலத்தில் பாதி வீடுகளில் தொங்குவது அவர் கணக்கு. வாசலிலேயே என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். மின்சாரக்காரர்கள் இதுவரை அவரிடம் வந்தது ஒரே ஒரு முறை, பழைய மீட்டரைப் பிடுங்கிப்போக. நான் கிரிட், பேட்டரி, அணை என்று விளக்கியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அதென்ன, ஊருக்கெல்லாம் நாலு முப்பத்திரண்டு?"

"டிவியில அப்படித்தான் சார் சொல்றாங்க."

"அது மெட்ராஸ் நேரம். நாகர்கோவில்ல நாலு இருபத்திமூணுக்கே விட்டுடும். மதுரை வேற, கோயம்புத்தூர் வேற. நான் ஊர் ஊரா போட்டுத்தான் தர்றேன். அவங்க மெட்ராஸ் நேரத்த வாசிச்சிட்டுப் போயிடறாங்க. இருபது வருஷமா லெட்டர் எழுதறேன், ஒருத்தனும் பதில் போடல."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்று மாலையே எல்லா அலைவரிசைகளுக்கும் எங்கள் மையத்திலிருந்து கடிதம் போயிற்று. ஊர் ஊருக்கு உண்மையான நேரம் வாசிக்கப்படும். அத்தோடு கனகசபை இன்னொன்றும் சொன்னார். கோயில் உள்ள ஊர்களில் கோயிலைக் கழுவிவிட்டு நடை திறந்து மணி அடித்த பிறகுதான் வீட்டில் அடுப்பு மூட்டுவது பழைய முறை, அதை ஞாபகப்படுத்தினால் போதும். ஒரு கோயிலைக் கழுவப் பத்து நிமிடம் ஆகும், இன்னொன்றைக் கழுவ அரை மணி ஆகும். இதில் யாருக்கும் பொய் சொல்ல வேண்டியதில்லை. திரையில் போட்டுப் பார்த்தோம். மாநிலத்தின் தெற்கும் மேற்கும் அழகாகப் பிரிந்து படிப்படியாக ஏறின.

சென்னை மட்டும் அடங்கவில்லை. அது ஒரே ஊர், அதற்கு ஒரே நேரம், அவசரக்காரர்கள் வேறு. நகரத்தில் பாதியாவது இருபது நிமிடம் பொறுத்தால்தான் கணக்கு நேராகும். எந்தப் பாதி என்ற பேச்சு வந்ததும் அறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சுதர்சனம்தான் மெதுவாகச் சொன்னார், தெற்கே இருப்பவர்களை நம்ப வைக்க முடியாது, ஒவ்வொருவரும் போனில் சரிபார்ப்பார்கள், மேலிடத்துக்குப் புகார் போகும் என்று. வடக்கே நீ சொன்னால் கேட்பார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

 புகையை வைக்க இடம் தேடியபோது வடக்கு, சாம்பலைக் கொட்ட வடக்கு, இப்போது காத்திருக்கவும் வடக்கா என்று கேட்டேன்.  வேறு பாதி இருந்தால் நீயே காட்டு என்பதுபோல அவர் வரைபடத்தைத் திருப்பி வைத்தார். நானும் தேடிப் பார்த்தேன், வேறு பாதி இல்லை. சொன்னால் கேட்பார்கள் என்று அவர் சொன்னது உண்மை. அது எனக்கும் தெரியும் என்பதுதான் உறுத்தியது.

கனகசபைக்குப் போன் செய்து, வடசென்னைக்கு மட்டும் நாலு ஐம்பத்திரண்டு என்று ஒரு வரி தர முடியுமா என்றேன். 

"உங்க கஷ்டம் புரியறதும்மா. ஆனா நேரத்த உருட்டினா அப்புறம் நான் யாரு? நீங்க சொல்லிக்குங்க. உங்க பேர்ல சொல்லுங்க" என்று போனை வைத்துவிட்டார்.

என் பேரிலேயே சொன்னேன். நான் நிரோஷா, கருங்கழி மூன்றாவது தெரு, நம் பகுதிக்குக் கிரகணம் விடுவது நாலு ஐம்பத்திரண்டு, அதற்கு முன் யாரும் குளிக்கவோ அடுப்பு பற்ற வைக்கவோ வேண்டாம் என்று பேசிப் பதிவு செய்தேன். உள்ளூர் கேபிளிலும் ஆட்டோ மைக்கிலும் ஒரு வாரம் அது ஓடியது. கடலோரம் என்பதால் கணக்கு வேறு என்று ஒரு விளக்கமும் தயாராக வைத்திருந்தேன். அதைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தெருவில் சாயங்கால டிபன் கடை போடுகிற பாக்கியம் அக்காகூட, ஊரில் ஒரு ஈ பறந்தாலும் விசாரிக்கிறவள், சரிடி என்று இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே தலையாட்டினாள். அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

தேவிகாவிடம் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் மாமியார் கர்ப்பிணியை ஒன்று நாற்பதுக்கே அறைக்குள் விட்டு, ஜன்னலில் போர்வை அடித்து, விடுகிற வரை பச்சைத் தண்ணீர்கூடத் தர மாட்டார். நாலு ஐம்பத்திரண்டா என்று கேட்டுவிட்டு, அவள் வயிற்றைத் தடவியபடி என்னைப் பார்த்தாள். ஆமாம் என்றேன். என் குரல் நடுங்கவில்லை, அதுவே எனக்கு வெட்கமாக இருந்தது.

கிரகண நாள் வந்தது. ஒன்று நாற்பத்தெட்டுக்கு வெயில் கோடு சரியத் தொடங்கியது. மையத்தின் கண்ணாடிக்கு வெளியே வெளிச்சம் ஒரு மாதிரி மஞ்சளாக மாறியது. பேட்டரிகள் சொன்ன வேலையைச் செய்தன. மூன்று மணிக்கு மக்கள் எடுக்கும் மின்சாரம் கணிப்பான் சொன்னதைவிட நன்றாகக் கீழே போயிற்று, தெருவே அடங்கி வீட்டுக்குள் இருந்தது. நாலு இருபத்துமூன்றுக்கு நாகர்கோவில் ஏறியது. பிறகு திருநெல்வேலி, மதுரை, கோயம்புத்தூர். ஒவ்வொரு ஊரும் தன் நேரத்துக்கு எழுந்து குளிக்கப் போயிற்று. அணைகள் மூச்சு வாங்காமல் ஈடுகொடுத்தன. சுதர்சனம் ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்.

நாலு முப்பத்திரண்டுக்குத் தென்சென்னை ஒரே தாவாகத் தாவியது. கிரிட்டின் நாடித்துடிப்பு என்று ஒரு எண் உண்டு. அது ஐம்பதில் நிற்க வேண்டும், நாற்பத்தொன்பது புள்ளி நாலுக்கு வந்தால் எந்திரங்களே வீடுகளைத் துண்டித்துவிடும். அது ஐம்பதிலிருந்து இறங்கி நாற்பத்தொன்பது புள்ளி ஆறில் நின்றது. வடக்கு அசையவில்லை. எட்டு லட்சம் வீடுகள், ஒரு ஹீட்டர்கூட ஓடவில்லை. எண் மெதுவாக மேலே வந்தது.

நாலு நாற்பத்தைந்துக்கு மேல் அணை ஒன்றில் ஓர் எந்திரம் சூடேறி நின்றுபோனது. எங்கள் கையிருப்பில் முந்நூறு மெகாவாட் போயிற்று. உதவியாளர் இருமுறை கணக்குப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். சட்டென்று எடுக்க மீதி இருநூறுதான், மற்றது நிதானமாகத்தான் ஏறும். நாலு ஐம்பத்திரண்டுக்கு வடக்கு மொத்தமும் ஒன்றாக எழுந்தால் தொள்ளாயிரம் கேட்கும். அப்போதுதான் என் பொய்யின் லட்சணம் எனக்கு உறைத்தது. பெரிய தாவலை நான் பிரிக்கவே இல்லை. இருபது நிமிடத்துக்கு அப்பால் இன்னொரு தாவலைக் கட்டி நிறுத்தி வைத்திருந்தேன், அதற்குக் கடிகாரத்தையும் நானே கொடுத்திருந்தேன்.

நாலு ஐம்பது. இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள் என்று சொல்ல வழியில்லை. ஆட்டோ மைக் போய்ச் சேராது, கேபிளில் சொன்னால் பற்றாக்குறை என்று புரிந்து இப்போதே பாய்வார்கள். கருங்கழியிலிருந்து ஒருவர் லைனில் காத்திருந்தார், தீ மூட்டுகிற குழு தயாராக நிற்கிறது என்றார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு திரையில் அந்த எண்ணையே பார்த்தேன். அப்பா கடைசி நாளில் மூச்சை இழுத்த சத்தம் காதில் கேட்டது.

நாலு ஐம்பத்திரண்டுக்கு வடக்கின் கோடு ஏறியது. ஒரு சின்னப் படி. அங்கேயே நின்றது. இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு படி. பிறகு இன்னொன்று. தாவல் இல்லை. யாரோ ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி, சீரான படிகள். ஒரு படி நூறு மெகாவாட்கூட இருக்காது. அணை ஒவ்வொரு படிக்கும் சிரமமில்லாமல் ஏறிக்கொண்டது. உதவியாளர் கணிப்பானைக் கேட்டார், காரணம் தெரியவில்லை என்று அது எழுதியது. கடைசிப் படி ஐந்து பதினாலுக்கு ஏறியது. அது கருங்கழி. எண் ஐம்பதைத் தொட்டபோது மையத்தில் யாரும் கைதட்டவில்லை, எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். தீ மூட்டும் குழுவை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுச் சுதர்சனம் தண்ணீர் குடிக்கப் போனார்.

ஆறு மணிக்கெல்லாம் நான் மூன்றாவது தெருவில் இருந்தேன். பாக்கியம் அக்கா கடையில் இட்லிப் பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து வலது கையில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தாம்பாளம் நிறையத் தண்ணீர், அதற்குள் சாய்ந்து கிடந்தது ஓர் உலக்கை. கிரகணம் பிடித்திருக்கும் வரை உலக்கை நெட்டுக்குத்தாக நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கடிகாரத்தைப் பார்க்காதவர்கள் உலக்கையைப் பார்ப்பார்கள்.

"வாடி இஞ்சினியரு. நாலு அம்பத்திரண்டா?" என்றாள்.

 தெரியுமா அக்கா என்று மட்டும் கேட்டேன்.

"எங்க கையில போன் இல்லியா? நீ மைக்குல சொன்ன அன்னிக்கே பாத்துட்டோம். இவ பொய் சொல்றான்னா கரண்டு பத்தலன்னு அர்த்தம். கரண்டு போனா அந்தக் கரிய கொளுத்துவான். இதுக்கு இன்னா பெரிய படிப்பு வேணும்?"

மீதியை அவள் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். வடக்கே ஒவ்வொரு பேட்டையிலும் பெண்களுக்குத் தண்ணி லாரிக்கென்று ஒரு போன் குரூப் உண்டு. எந்தத் தெருவுக்கு முதலில் லாரி, எந்தத் தெரு அடுத்தது என்று வருடக்கணக்காகச் சண்டை போட்டுப் போட்டுப் படிந்த வரிசை அது. எல்லாரும் ஒரே நேரத்தில் லாரியில் டியூபைப் போட்டால் ஒருத்தர் குடமும் நிரம்பாது என்பது அந்தப் பெண்களுக்குப் பாலபாடம். அந்த வரிசையையே கிரகணத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். நாலு ஐம்பத்திரண்டு வரை நான் கேட்டபடி எல்லோரும் சும்மா இருப்பது, பிறகு தெரு தெருவாக. ஒரு தெருவில் ஹீட்டரும் அடுப்பும் ஓடத் தொடங்கியதும் குரூப்பில் போடுவார்கள், அப்புறம்தான் அடுத்த தெரு தன் உலக்கையைச் சாய்ப்பது. நாலு முப்பத்திரண்டுக்குப் பிறகு உலக்கை தானாக எங்கே நிற்கும்? தெருவுக்கு ஒருத்தி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கருங்கழி கடைசியாக வருகிறோம் என்று தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது, கரிக் குவியல் எங்கள் மதிலுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. நாற்பத்திரண்டு நிமிடம் பாக்கியம் அக்கா உலக்கையைப் பிடித்திருக்கிறாள்.

தேவிகா ஈரத் தலையோடு கடை வாசலுக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன், அவள் விடுவித்துக்கொண்டாள்.

"நாலு முப்பத்திரண்டுக்கே போன்ல பாத்துட்டேன்க்கா. நான் வெளிய வந்தா விட்டுடுச்சின்னு தெருவே மோட்டார் போடும். அதான் உள்ளயே கிடந்தேன். புள்ள ரெண்டு வாட்டி எட்டி ஒதைச்சான். என்கிட்டயாவது நெசத்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

நான் அழுதேன். இத்தனை நாளாக இவர்களுக்காகப் போராடுகிறேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவள், இவர்களைக் கணிப்பானில் ஒரு கோடாக வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். தெற்கு சரிபார்க்கும், வடக்கு நம்பும் என்று சுதர்சனம் சொன்னபோது கோபப்பட்டேனே தவிர, அதை நானும் நம்பித்தான் மைக்கைப் பிடித்தேன். தங்கச்சி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பாக்கியம் அக்கா தட்டில் வைத்த இட்லியை என் பக்கம் தள்ளினாள்.

அப்போது சுதர்சனம் போனில் வந்தார். மேலிடக் குழு அறிக்கை கேட்கிறது, அந்தப் படிகள் எப்படி வந்தன, நம் மையத்தின் முன்னேற்பாடு என்று எழுதிவிடலாமா என்றார். நான் போனைக் கையால் மூடிக்கொண்டு பாக்கியம் அக்காவிடம் என்ன எழுதுவது என்று கேட்டேன்.

அவள் இட்லிப் பானையை மூடிவிட்டு, நோகிற கையை ஒரு தடவை மடக்கி நீட்டினாள்.

"நேரத்த மாத்திச் சொன்னேன்னு எழுது. கேட்டிருந்தா நாங்களே செஞ்சிருப்போம்னும் எழுது."

இரண்டு வரியையும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.